வெயிலை அளக்கும் சின்னக் கருவி: காட்டும் எண்ணை நம்பலாமா?

வெயில் சுடும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெயிலுக்குள்ளே சுடாத வெயில் ஒன்றும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. உடம்புக்கு உறைக்காது. ஆனால் தோலைக் கருக்கும். கண்ணைக் கெடுக்கும். அதன் பெயர் புற ஊதாக் கதிர்.

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கேரளத்தில் இந்தக் கதிரைப் பற்றித்தான் பேச்சு. பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் அதன் அளவு 11 என்ற எண்ணைத் தொட்டுவிட்டது என்று அந்த மாநிலத்தின் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. சிவப்பு எச்சரிக்கையும் கொடுத்தது. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெயிலில் அதிக நேரம் நிற்க வேண்டாம் என்று சொன்னது.

பாலக்காட்டை அடுத்திருப்பது கோயம்புத்தூர். சூரியனுக்கு மாநில எல்லை தெரியாது. "அங்கே 11 என்றால் நம் ஊரில் எவ்வளவு?" என்ற கேள்வி எழுவது இயற்கைதானே!

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. விலை சில நூறு ரூபாய். பள்ளி மாணவர்களும், பொழுதுபோக்காக மின்கருவி செய்கிறவர்களும் இதை வாங்குகிறார்கள். ஒரு சிறிய கம்ப்யூட்டர் பலகையோடு இணைத்து, மொட்டை மாடியில் வைக்கிறார்கள். திரையில் ஓர் எண் தெரிகிறது.

அங்கேதான் தொல்லை ஆரம்பமாகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கருவி 5 என்கிறது. அடுத்த வீட்டுக் கருவி 14 என்கிறது. ஜன்னல் ஓரத்தில் வைத்தால் பாதியாகக் குறைகிறது. இன்னொன்று நள்ளிரவில்கூட வெயில் அடிப்பதாகச் சொல்கிறது!

கருவி பழுதா? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒரு தாய், "குழந்தை இன்னும் கொஞ்ச நேரம் விளையாடட்டும்" என்று முடிவு செய்வாள்.

11 என்றால் என்ன?

1801-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ரிட்டர் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். வானவில்லைப் போல் ஒளியைப் பிரித்து, வெள்ளி உப்பு தடவிய காகிதத்தின் மேல் விழச் செய்தார். ஒளி பட்டால் அந்த உப்பு கறுக்கும். ஊதா நிறத்துக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில்தான் அது மிக வேகமாகக் கறுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். அதுவே புற ஊதாக் கதிர்.

இந்தக் கதிரில் மூன்று வகை உண்டு. ஏ, பி, சி என்று பெயர். சி வகை மிகக் கொடியது. ஆனால் ஆகாயத்தில் உயரே இருக்கும் ஓசோன் வாயுவும் காற்றும் அதை முழுவதும் தடுத்துவிடுகின்றன. பி வகையில் பெரும் பகுதியையும் ஓசோன் வடிகட்டிவிடுகிறது. ஏ வகை ஏறக்குறைய அப்படியே தரைக்கு வருகிறது. தரைக்கு வரும் புற ஊதாக் கதிரில் 100-க்கு 95 பங்கு ஏ வகை. சுமார் 5 பங்குதான் பி வகை.

ஆனால் தோலைச் சுட்டுப் புண்ணாக்குவதில் அந்த 5 பங்குக்கே பெரும் பொறுப்பு. ஆகவே மொத்தக் கதிரை அளந்தால் போதாது. எந்தக் கதிர் எவ்வளவு சுடும் என்று பார்த்து, அதற்கு ஏற்ப மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டி வரும் எண்தான் புற ஊதாக் குறியீடு. 1992-இல் கனடா நாடு இதை ஆரம்பித்தது. 1994-இல் உலகச் சுகாதார நிறுவனமும் மற்ற உலக அமைப்புகளும் இதை ஏற்றுக்கொண்டன.

0 முதல் 2 வரை அபாயம் குறைவு. 3 முதல் 5 வரை நடுத்தரம். 6, 7 என்றால் அதிகம். 8 முதல் 10 வரை மிக அதிகம். 11-ம் அதற்கு மேலும் கடுமை. 3-ஐத் தாண்டினாலே நிழலும் தொப்பியும் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

உப்பும் மிளகாய்ப் பொடியும்

ஒரு பையில் 95 பங்கு உப்பும் 5 பங்கு மிளகாய்ப் பொடியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாக்கு எரிவது எதனால்? மிளகாயால். பையைத் தராசில் வைத்து நிறுத்தால் எரிச்சலின் அளவு தெரியுமா? தெரியாது. தராசு உப்பையும் சேர்த்துத்தான் நிறுக்கும்.

சின்னக் கருவிகளில் பல செய்வது இந்த வேலையைத்தான். எம்.எல். 8511 என்று ஒரு கருவி மாணவர்களிடம் அதிகம் புழங்குகிறது. அது ஏ, பி இரண்டையும் பார்க்கும். ஆனால் அதன் கண் கூர்மையாக இருப்பது ஏ வகையின் மேல்தான். 365 நானோமீட்டர் என்ற அலை நீளத்தை வைத்தே அதற்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். தோலைச் சுடும் கணக்கில் அந்த அலைக்கு மதிப்பு என்ன? மிகக் கடுமையான பி கதிருக்கு 1 என்று வைத்தால், இதற்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இதில் இருந்து பெரிய குழப்பம் ஒன்று பிறக்கிறது. அந்தக் கருவியின் கணக்கில் வரும் விடை குறியீடு அல்ல. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் எத்தனை மில்லிவாட் கதிர் விழுகிறது என்பதே அது. கடுங்கோடை நண்பகலில் அது 5 அல்லது 6 என்று வரும். பார்ப்பவர் என்ன நினைக்கிறார்? "குறியீடு 5-தான். நடுத்தரம்தான். பயமில்லை" என்று நினைக்கிறார். உண்மையில் அந்த நேரத்தில் குறியீடு 12 ஆக இருக்கலாம். கருவி பொய் சொல்லவில்லை. அது சொன்னது படிக் கணக்கு. கேட்டவர் அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

மொத்தத்தில் இத்தனை பங்கு குறியீடு என்று ஒரேயடியாகப் பெருக்கிவிடக் கூடாதா? கூடாது. காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கிறது. அதன் ஒளி ஓசோன் வழியாக அதிக தூரம் வர வேண்டியிருக்கிறது. அப்போது பி கதிர் வேகமாகக் குறைந்துவிடும். ஏ கதிர் அவ்வளவு குறையாது. பையில் உப்பு நிறைய இருக்கும், மிளகாய் தீர்ந்துபோயிருக்கும். ஆகவே நண்பகலில் சரிப்படுத்திய கருவி, மாலை 4 மணிக்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

பெயரில் உண்டு, உள்ளே இல்லை

இன்னொரு வகையும் இருக்கிறது. எஸ்.ஐ. 1145 என்ற சில்லு புற ஊதாக் குறியீட்டைச் சொல்லும் என்று விற்கப்பட்டது. ஆனால் புற ஊதாக் கதிரை உணரும் பகுதியே அதற்குள் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும், வெப்பம் தரும் அகச்சிவப்புக் கதிரையும் அது அளக்கிறது. "இவ்வளவு ஒளி இருந்தால் இவ்வளவு புற ஊதா இருக்கும்" என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது.

திறந்த வெளியில், தெளிந்த வானத்தின் கீழ் இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரலாம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால்? கண்ணாடி ஒளியை விட்டுவிடும். பி கதிரைத் தடுத்துவிடும். சில்லுக்கு அது தெரியாது. பிரகாசமான மின்விளக்கின் கீழும் வெயில் இருப்பதாகச் சொல்லக்கூடும்.

கடையில் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, கருவியோடு வரும் விவரத் தாளைப் படிப்பது நல்லது. எந்த அலை நீளம் முதல் எந்த அலை நீளம் வரை அது உணரும் என்று அதில் இருக்கும்.

நடுநிசியில் வெயிலா?

கருவி நேரடியாக எண்ணைச் சொல்வதில்லை. மின்னழுத்தத்தை வோல்ட் கணக்கில் கொடுக்கிறது. கம்ப்யூட்டர் பலகை அதை அளந்து எண்ணாக மாற்றுகிறது. அப்படி அளக்கப் பலகைக்கு ஓர் அளவுகோல் வேண்டும். "எனக்கு வருவது 5 வோல்ட்" என்பதே அதன் அளவுகோல்.

வருவது உண்மையில் 5 வோல்ட்தானா? கம்ப்யூட்டரில் இருந்தோ, செல்போன் சார்ஜரில் இருந்தோ கம்பி வழியாக வரும்போது அது 4.6 ஆகக்கூட இறங்கிவிடலாம். அளவுகோல் சுருங்கிவிட்டது. பலகைக்கு அது தெரியாது. பழைய கணக்கையே போடுகிறது.

8511 கருவி இருட்டிலும் ஏறக்குறைய 1 வோல்ட் கொடுக்கும். அதுதான் அதன் பூஜ்யம். அளவுகோல் 4.6-க்குச் சுருங்கியிருந்தால், அந்த 1 வோல்ட் 1.09 வோல்ட் என்று தெரியும். கூடுதலாக வந்த 0.09 வோல்ட்டை, பலகை வெயில் என்று எண்ணிக்கொள்ளும். வழக்கமான கணக்கில் அது 0.8 மில்லிவாட் என்று வரும். உச்சிவெயிலுக்கே 5, 6 தான் என்றால், நள்ளிரவில் 0.8 என்பது எவ்வளவு பெரிய தவறு!

இதற்குப் பரிகாரம் உண்டு. பெரும்பாலான பலகைகளில் 3.3 வோல்ட் தரும் முனை ஒன்று இருக்கிறது. 5 வோல்ட்டைவிட அது நிலையானது. அதையும் கூடவே அளந்து, அதை அளவுகோலாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். பிறகு கருவியைக் கறுப்புத் துணியால் நன்றாக மூட வேண்டும். அப்போது என்ன காட்டுகிறதோ அதுதான் பூஜ்யம். காய்கறிக் கடைக்காரர் வெறும் தட்டை வைத்துத் தராசு முள்ளைப் பார்ப்பதில்லையா? அதே வேலைதான்.

எண் ஒரு நிலையில் நிற்காமல் துள்ளினால், கம்பி சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். வேலை செய்யச் சொல்லும் முனை ஒன்று சில கருவிகளில் உண்டு. அதை இணைக்காமல் விட்டாலும் கண்டபடி எண் வரும்.

மூடியும் முகமும்

மழையில் நனையாமல் இருக்கக் கருவியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பது வழக்கம். அல்லது மேலே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டுவார்கள். கண்ணுக்கு அது பளிச்சென்று இருக்கிறது. ஒளி தாராளமாகப் போகிறது. ஆனால் சாதாரணக் கண்ணாடி பி கதிரை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். பல வகைப் பிளாஸ்டிக்கும் அப்படியே. கருவி 2 என்று காட்டும். வெளியே 11 இருக்கும்.

நல்ல கருவிகளில் குவார்ட்ஸ் என்ற படிகக் கண்ணாடியை வைக்கிறார்கள். டெஃப்லான் என்ற வெள்ளைப் பொருளின் மெல்லிய தகடும் உதவும். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள்தான். அது கதிரை உள்ளே விடும். நாலா பக்கத்தில் இருந்து வருவதையும் சமமாகப் பரப்பித் தரும். ஆனால் அதுவும் ஓரளவு கதிரைக் குறைக்கும். ஆகவே மூடி போட்ட பிறகுதான் கருவியைச் சரிபார்க்க வேண்டும். முன்பே சரிபார்த்துவிட்டுப் பிறகு மூடி போட்டால் பயனில்லை.

கருவியின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். குறியீடு என்பது சமதளத்தில் படுத்திருக்கும் பரப்பின் மேல் விழும் கதிரின் கணக்கு. ஆகவே கருவி வானத்தை நேராகப் பார்க்க வேண்டும். சூரியனை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் எண் ஏறும். அது குறியீடு ஆகாது.

சூரியன் இருக்கும் திசையில் இருந்து மட்டும் இந்தக் கதிர் வருவதில்லை. காற்றில் சிதறி, நீல வானம் முழுவதிலும் இருந்து வருகிறது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, சுவர், தென்னை மரம் என்று எது இருந்தாலும் வானத்தின் ஒரு பகுதி மறைந்துவிடும். எண் குறையும். மரநிழலில் நிற்பவருக்கும் கொஞ்சம் கதிர் படுவது இதனால்தான்.

தூசியும் உஷ்ணமும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு வாரம் துடைக்காத கருவியின் மேல் தூசி படிந்துவிடும். மூடிய கறுப்பு டப்பா வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும். அந்த உஷ்ணத்தில் கருவியின் குணமும் மாறும். வெள்ளை டப்பாவும், காற்றுப் போக வழியும் இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

பூஜ்யம் என்றால் பயமில்லையா?

எல்லாவற்றிலும் அபாயமான தவறு ஒன்று உண்டு. கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டுக்குப் பிறகு, கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்குகள் வீடுகளுக்கும் வந்தன. கையில் பிடித்து ஆட்டும் கோல்களும் வந்தன. இவற்றில் பல சி வகைக் கதிரைக் கொடுப்பவை. வழக்கமான கிருமிநாசினி விளக்கின் அலை நீளம் 254 நானோமீட்டர்.

"நம் விளக்கு அபாயமா?" என்று சின்னக் கருவியை அதன் முன்னால் நீட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. 8511 கருவியின் பார்வையோ சுமார் 280-க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. 254 அதன் கண்ணில் படாது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைக் காட்டும். அதை நம்பி விளக்கின் கீழ் உட்கார்ந்தால் கண்ணும் தோலும் வெந்துவிடும்.

2022-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் கோல்களைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. சில கோல்கள் சில விநாடிகளிலேயே தோலையும் கண்ணையும் காயப்படுத்தக்கூடும் என்று சொன்னது. கருவி பூஜ்யம் காட்டுவதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. கதிர் இல்லை என்பது ஒன்று. கதிர் இருக்கிறது, கருவிக்குத் தெரியவில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பெரியவர்கள் பட்ட பாடு

இது மாணவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல. பெரிய விஞ்ஞானிகளும் இதே பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் பல ஊர்களில் ராபர்ட்சன்–பெர்கர் கருவி என்ற அளவுமானியை வைத்திருந்தார்கள். 1974 முதல் 1985 வரை எட்டு இடங்களில் அது எடுத்த கணக்கை, அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஜோசப் ஸ்காட்டோவும் அவருடைய சகாக்களும் 1988-இல் வெளியிட்டார்கள். தோலைச் சுடும் கதிர் ஆண்டுக்கு 0.5 முதல் 1.1 சதவீதம் வரை குறைந்து வருவதாக அது காட்டியது.

எல்லோரும் திகைத்தார்கள். ஏனென்றால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1985-இல், தென்துருவத்தின் மேல் ஓசோன் படலம் மெலிந்து கிடப்பது தெரிய வந்தது. 1987-இல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் உலக நாடுகள் கூடி, ஓசோனைக் கெடுக்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்தன. ஓசோன் குறைந்தால் கதிர் கூட வேண்டும். கருவியோ குறைகிறது என்கிறது! அப்படியானால் ஒப்பந்தம் வீணா?

விஞ்ஞானிகள் கருவியையே சோதனைக் கூண்டில் ஏற்றினார்கள். அது உஷ்ணத்துக்கு ஏற்ப எண்ணை மாற்றும் என்று தெரிந்தது. ஊர்ப் புகையும் மூட்டமும் கதிரைத் தடுத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். 1997-இல் 14 இடங்களின் பழைய பதிவுகள் மீண்டும் அலசப்பட்டன. இடையில் கருவிகளின் அளவே மாறியிருக்கக்கூடும் என்பதற்கு அடையாளங்கள் கிடைத்தன. ஓசோன் விஷயத்தில் உலகம் அவசரப்பட்டுவிட்டது என்று சொல்ல, அந்தப் பதிவுகள் போதாது என்பது தெளிவாயிற்று.

இன்னொரு சம்பவம். தென் அமெரிக்காவில் பொலிவியா–சிலி எல்லையில் லிகான்காபூர் என்ற எரிமலை இருக்கிறது. உயரம் 5,900 மீட்டருக்கு மேல். அங்கே 2003 டிசம்பரில் குறியீடு 43.3 என்று பதிவானதாக 2014-இல் ஓர் ஆராய்ச்சிக் குழு எழுதியது. பத்திரிகைகள் அதை உலக சாதனை என்று கொண்டாடின. அடுத்த ஆண்டே வேறு விஞ்ஞானிகள் மறுப்பு எழுதினார்கள். அந்த இடத்தின் ஓசோனையும் உயரத்தையும் வைத்துப் பார்த்தால், அவ்வளவு வர வழியில்லை என்பது அவர்கள் வாதம். கருவியைச் சரிபார்த்த முறையிலேயே அவர்கள் சந்தேகம் எழுப்பினார்கள்.

மலை உச்சி வரை தூக்கிச் சென்ற கருவிக்கே இந்தக் கதி என்றால், மொட்டை மாடிக் கருவியைச் சோதிக்காமல் நம்பலாமா?

திருத்துவது எப்படி?

நம்பக்கூடாது என்பதால் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. வழி இருக்கிறது. பெரிய செலவும் இல்லை.

முதலில் பூஜ்யம் பார்க்க வேண்டும். கறுப்புத் துணியில் மூடி, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைக் கழித்துவிட வேண்டும்.

இரண்டாவது, கண்ணாடிச் சோதனை. கருவியை வெயிலில் வைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு அதன் மேல் ஒரு சாதாரண ஜன்னல் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். பி கதிரைப் பார்க்கும் கருவியானால் எண் சரேலென்று இறங்கும். கொஞ்சமே இறங்கினால், கருவி பெரும்பாலும் ஏ கதிரைப் பார்க்கிறது. எண் அசையவே இல்லை என்றால், அது வெறும் ஒளியைத்தான் அளக்கிறது.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்ப்பது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை, உலகின் எல்லா இடங்களுக்கும் புற ஊதாக் குறியீட்டை முன்கூட்டியே கணக்கிட்டு வெளியிடுகிறது. மேகமே இல்லாத ஒரு நாள் நண்பகலில் தன் ஊருக்கு அது சொல்லும் எண்ணைக் கருவியின் எண்ணோடு ஒப்பிடலாம். கணிப்பு 12 என்று வைத்துக்கொள்வோம். கருவி பூஜ்யம் கழித்து 8 காட்டுகிறது. 12-ஐ 8-ஆல் வகுத்தால் 1.5. இனிக் கருவியின் எண்ணை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் பார்த்தால் போதாது. நாலைந்து நாள் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு நாளும் 1.5-க்குப் பக்கத்திலேயே வந்தால் கருவி ஒழுங்காக இருக்கிறது. ஒரு நாள் 1.1, ஒரு நாள் 2 என்று தாவினால், மின்சாரத்திலோ மூடியிலோ இன்னும் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

மேகம் திட்டுத்திட்டாக இருக்கும் நாளில் இந்தச் சோதனை வேண்டாம். சூரியனுக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளை மேகம் கதிரைத் திருப்பி அனுப்பும். சில நிமிடம் எண் உள்ளதற்கு மேல் ஏறும்.

இப்படித் திருத்திய கருவியும் நண்பகலை ஒட்டிய நேரத்துக்குத்தான் நம்பகமானது. காலை, மாலை எண்ணைத் தோராயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடியும் ஒப்பிட வேண்டும்.

எண் வரம்பு மீறினால்

தென்னிந்தியா பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது. சென்னைக்கு நேர் மேலே சூரியன் சித்திரையில் ஒரு முறையும், ஆவணி பிறக்கும்போது ஒரு முறையும் வருகிறது. தெளிந்த வானம் உள்ள கோடை நண்பகலில் இங்கே குறியீடு 11-ஐத் தாண்டுவது அபூர்வம் அல்ல. ஆகவே அந்த நேரத்தில் கருவி 3 என்று காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். கருவியைப் பார்க்க வேண்டும். 30 என்று காட்டினால் பீதி வேண்டாம். அப்போதும் கருவியைத்தான் பார்க்க வேண்டும்.

குளிரை நம்பியும் ஏமாறக்கூடாது. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் இந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே உடம்பு சில்லென்று இருக்கும். ஆனால் தெளிந்த நண்பகலில் சமவெளியைவிடக் கதிர் அதிகம்.

கறுத்த தோல் சீக்கிரம் வேகாது என்பது உண்மை. ஆனால் கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கண்புரைக்கு இந்தக் கதிரும் ஒரு காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயலில் நாற்று நடுகிறவர், கடலில் வலை வீசுகிறவர், சாலையில் தார் ஊற்றுகிறவர் ஆகியோர் ஆண்டு முழுவதும் இந்த வெயிலில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் எண் சரியான எண்ணாக இருக்க வேண்டும். 11 இருக்கும் இடத்தில் 5 என்று சொல்வது, பாம்பைப் பார்த்துக் கயிறு என்று சொல்வதற்குச் சமம்.

கருவியே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வெட்டவெளியில் நின்று சொந்த நிழலைப் பார்த்தால் போதும். நிழல் ஆள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் கதிர் குறைவு. ஆள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. நிழலுக்குப் போக வேண்டிய நேரம். இதற்கு மின்சாரம் வேண்டாம். திரை வேண்டாம். சரிபார்க்கவும் வேண்டாம்.

சின்னக் கருவி வைத்திருப்பவர்கள் இந்த நிழலையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். காலடியில் நிழல் சுருங்கிக் கிடக்கும்போது திரையில் 2 என்று தெரிந்தால், நிழல் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.